ஜன்னலடியில் ஒரு குளம்

டங்... டங்.

பக்கத்து அறையில் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதிரம் மோதும் சத்தம். கொல்லைப்புற வாசலில் நின்று குளம் அமைப்பவரோடு பேசிக்கொண்டிருந்த தையல்காரம்மா பேச்சைப் பாதியில் விட்டாள். வாடிக் கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கேட்டுச்சா தம்பி? இப்போ கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. உள்ளே யாராவது கூப்பிடறாங்களா?"

"என் வீட்டுக்காரர். பாத்ரூம் குழாயைத் திறந்து பக்கெட்டுல விட்டிருக்கேன். தண்ணிச் சத்தம் காதுல விழுந்தா போதும், அவருக்கு உசுரு வந்துடும். உடனே கட்டிலைத் தட்டுவாரு. வேற எதுக்கும் அசைய மாட்டாரு. நான் கூப்பிட்டாலும் இல்லை, பெத்த பொண்ணு கூப்பிட்டாலும் இல்லை. தண்ணிக்கு மட்டும்தான்."

"அதுக்குத்தான் குளமா?"

"அதுக்குத்தான்."

டங்... டங். இந்த முறை கொஞ்சம் பலமாகக் கேட்டது.

குளக்காரருக்குப் பெருத்த உடம்பு, ஓயாத வாய். டேப்பை இழுத்துக்கொண்டு சுவருக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒருமுறை நடந்தார். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றார்.

"சின்ன இடம்தான், ஆனா நல்ல இடம். பாதி நாள் வெயில் விழுது. மேலே மரம் இல்லை, இலை கொட்டாது. இங்கே மூணு விதமாச் செய்யலாம்க்கா. பீய்ச்சி அடிக்கற ஃபவுண்டன் வைக்கலாம். இல்லேன்னா கல் தொட்டி. தண்ணி நிரம்பி வழிஞ்சு கூழாங்கல்லுல இறங்கும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏத்தும். இல்லே, சும்மா ஒரு குளம். பள்ளம் தோண்டி, கனமான ஷீட் விரிச்சு, தண்ணி நிரப்பி, நாலு அல்லிக் கொடி, கொசுவைத் தின்ன குட்டி மீன். மோட்டாரும் கிடையாது, ஒயரும் கிடையாது. என்னைக் கேட்டா, படுத்திருக்கறவருக்கு அதுதான். வெயில் தண்ணில பட்டுச்சுன்னா அந்த வெளிச்சம் ஜன்னல் வழியா ஏறிப் போய் ரூம் கூரையில ஆடும். பார்த்துக்கிட்டே கிடக்கலாம்."

"சும்மா கிடக்கற தண்ணியை வெச்சு நான் என்ன பண்றது தம்பி? சும்மா கிடக்கறதுக்குத்தான் ஒருத்தர் உள்ளே இருக்காரே. எனக்குச் சத்தம் வேணும். நல்லாப் பெரிய சத்தம்."

"எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கணும், தூக்கம் கெடும்னு சொல்வாங்க. நீங்கதான் கூட்டி வைன்னு சொல்றீங்க. நான் என்ன ரேடியோவா விக்கறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைவு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முன்னறையில் கிடந்த தையல் மெஷின் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கியது. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை, ஆஸ்பத்திரி நர்ஸுகளின் கோட்டு என்று அந்தத் தெருவே அவள் தையலைப் போட்டுக்கொண்டுதான் நடமாடியது. கணவர் குழாய் வேலை பார்ப்பவர். "ரெண்டு பேரும் ஓட்டை அடைக்கற ஜாதிதான். நீ துணியில அடைக்கறே, நான் பைப்புல அடைக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தண்ணீர் என்றால் அவருக்கு உயிர். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பிறகும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவது காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவார். "எவன் அப்பன் வீட்டுத் தண்ணி இது?" என்று முணுமுணுத்தபடி அதை முறுக்கி விட்டு வந்துதான் சோற்றில் கை வைப்பார்.

"உங்களுக்கு என்னைக் கட்டி வெச்சதுக்கு ஒரு குழாயைக் கட்டி வெச்சிருக்கலாம்" என்பாள் அவள்.

"குழாய் நான் முறுக்கினா மூடிக்கும். நீ மூடுவியா?" என்பார் அவர்.

அப்படிப் பேசிய வாய்தான் மூடிக்கொண்டது. ஏதோ ஒரு வீட்டின் மாடிக் குளியலறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஊர் அடைப்பையெல்லாம் எடுத்தவருக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு அடைப்பு! வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். கண் திறந்திருக்கும், ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்ட பிறகு, ஒருநாள் குளியலறைக் குழாயை மறந்து திறந்து விட்டிருந்தாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் முகம் தண்ணீர்ச் சத்தம் வந்த திசைக்குத் திரும்பியிருக்கிறது. கண்ணோரத்தில் நீர். என் சாமி, உங்களுக்குத் தண்ணி மறக்கலையா என்று அவர் நெற்றியில் நெற்றியை வைத்து அழுதாள். அன்று முதல் தினமும் குழாயைத் திறந்து விட்டாள். தினமும் அவர் தட்டினார், தினமும் அழுதார்.

மகளிடம் போனில் சொன்னபோது மகள் நம்பவில்லை.

"அது அனிச்சையா நடக்கறதும்மா. டாக்டரே சொன்னாரு. நீ ஒடைஞ்சு போயிட்டிருக்கே. இங்கே என் ஊர்ல ஒரு இல்லம் இருக்கு, இந்த மாதிரி நோயாளிங்களை மட்டும் வெச்சுப் பார்க்கறாங்க. ஒரு இடம் காலியாயிருக்கு."

"நானும் வரலாமா?"

"கூட யாரும் தங்கக் கூடாதாம்."

"அப்போ அவரும் வர மாட்டாரு."

"சரி, ஒண்ணு செய். அப்பாகிட்டேர்ந்து ஒரு பதில் வரட்டும். நான் கேக்கறது அவருக்குப் புரியுதுன்னு காட்டு. ஒரே ஒரு பதில். அந்த நிமிஷமே அந்த இடம் வேண்டாம்னு சொல்லிடறேன். வரலேன்னா, நீ குறுக்கே நிக்கக் கூடாது."

அவள் ஒத்துக்கொண்டாள். மகள் இன்று சாயங்காலம் வருகிறாள். அதற்குள் பக்கெட்டில் விழும் தண்ணீருக்குத் தட்டுகிறவர், பெரிய அருவியே கொட்டினால் பேசியே விடமாட்டாரா என்ற நப்பாசைதான் குளக்காரரை வரவழைத்தது.

இன்று காலையில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க அவரைப் புரட்டும்போது இடுப்பில் என்னவோ சுரீரென்று பிடித்தது. கட்டிலைப் பிடித்தபடியே சரிந்து தரையில் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. "ஒண்ணுமில்லைங்க, சும்மா உக்காந்தேன்" என்று கீழேயிருந்தே சொன்னாள். மேலேயிருந்து அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கிறாரா, கண் அந்தப் பக்கம் கிடக்கிறதா, யார் கண்டது? வெயில் தாழும் இந்த நேரத்திலும் இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபவுண்டனை ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்றாள்.

குளக்காரர் வண்டியிலிருந்து ஒரு பெரிய கறுப்புத் தொட்டியை இறக்கி ஜன்னலுக்குக் கீழே வைத்தார். தண்ணீர் நிரப்பினார். மோட்டாரை உள்ளே இறக்கி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, ஜன்னலோரப் பிளக்கில் செருகினார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் குடை மாதிரி விரிந்து தொட்டியில் சடசடவென்று விழுந்தது. குளியலறைக் குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. வீடே மழையில் நிற்பது போலிருந்தது.

டங் டங். டங் டங். டங் டங்.

"பாருங்க! பாருங்க தம்பி!" அவள் உள்ளே ஓடினாள். "சொல்லுங்க! ஏதாவது ஒண்ணு சொல்லுங்க! என் பேரைச் சொல்ல வேண்டாம், உங்க பொண்ணு பேரைச் சொல்ல வேண்டாம், 'எவன் அப்பன் வீட்டுத் தண்ணி'ன்னாவது திட்டுங்க! சாயங்காலம் வந்து உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, நான் என்னங்க பண்ணுவேன்?"

மோதிர விரல் சிவந்து போயிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே குளக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா... தப்பா நினைக்காதீங்க. அவரு முகத்தைப் பார்த்தா சந்தோஷப்படற மாதிரி தெரியலையே."

"உங்களுக்கு என்ன தெரியும்? கூட வாழ்ந்தது நானா, நீங்களா? இன்னும் கொஞ்சம் கூட்டுங்க!"

வாசல் கதவு திறந்தது. மகள் வந்திருந்தாள். தோளில் தொங்கிய பையை இறக்கக்கூட இல்லை.

"என்னம்மா இது? தெருமுனை வரைக்கும் கேக்குது! யாரு குழாயைத் திறந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள்.

டங் டங்.

மகளின் முகம் வெளுத்தது. குளியலறைக்குள் போய்க் குழாயை இறுக்கி மூடினாள். திரும்பி வந்து ஜன்னலோரம் இருந்த சுவிட்சை அணைத்தாள். தண்ணீர்க் குடை மடங்கி விழுந்தது. வீட்டில் சத்தமே இல்லை.

தட்டுவதும் நின்றுவிட்டது.

"ஏண்டி நிறுத்தினே?" தாய் கத்தினாள். "இப்போதாண்டி அவருக்கு உசுரு வந்துச்சு! நீ பார்க்கணும்னுதானே..."

"அம்மா. அவர் எத்தனை தட்டு தட்டினாரு?"

"எத்தனையோ தட்டினாரு! ஓயாமத் தட்டினாரு!"

"ரெண்டு ரெண்டாத் தட்டினாரும்மா. லீவு நாள்ல என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போவாரே, ஞாபகம் இருக்கா? மொட்டை மாடித் தொட்டிகிட்ட என்னை நிறுத்திடுவாரு. அவர் கீழே இருப்பாரு. கத்தினா கேக்காது. அதனால பைப்புல ஸ்பானரால தட்டுவாரு. ஒரு தட்டுன்னா வால்வைத் திற. ரெண்டு தட்டுன்னா மூடு. அதனாலதானே என்னை 'வால்வு, வால்வு'ன்னு கூப்பிடுவாரு. நீ என்னவோ செல்லப் பேருன்னு நினைச்சே."

தையல்காரம்மா கணவரின் விரலையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூடச் சொல்றாரும்மா. இத்தனை நாளா தண்ணி வீணாப் போகுது, மூடு மூடுன்னு சொல்லிட்டிருக்காரு."

பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தினமும் குழாயைத் திறந்து விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணீரைத் துடைத்து, இன்னும் வேணுமாங்க என்று கொஞ்சியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. சொட்டுச் சத்தம் கேட்டால் சோறு இறங்காத மனிதரைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டு, காதுக்குப் பக்கத்தில் ஆற்றைத் திறந்து விட்டிருக்கிறாள்! பாவி, நான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு கட்டில் காலில் சாய்ந்தாள். எந்த எதிரியும் செய்யத் துணியாததை அவள் அன்பினால் செய்திருந்தாள்.

மகள் தந்தையின் அருகே மண்டியிட்டாள்.

"அப்பா, வால்வு வந்திருக்கேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு. கேக்குதா?"

டங். ஒன்று மட்டும்.

"குழாயைத் திறக்கட்டுமா?"

டங் டங். அவசரமாக.

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தையல்காரம்மா தவழ்ந்தபடி வந்து அந்த இடது கையைப் பற்றினாள்.

"என் மேல கோவமாங்க?"

டங்.

அவர் கை களைத்துப் போய், விரல் மெல்ல உயர்ந்து, கொஞ்சம் தாமதித்து மறுபடி விழுந்தது.

டங்.

"ரெண்டு! ரெண்டுதானே? இல்லைன்னுதானே அர்த்தம்?" அவள் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளக்காரர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நானும் ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். "ஃபவுண்டன் வேணுமா உங்களுக்கு?"

டங் டங்.

"சரி, விடுங்க. வழிஞ்சு ஓடற கல் தொட்டி?"

கேள்வி முடியும் முன்னே, டங் டங்.

"என் பொழைப்புல மண்ணு. மோட்டார் வித்தாத்தான் எனக்கு மரியாதை. போகட்டும். அசையாம நிக்கற குளம்? ஒரு சொட்டு வெளியே போகாது. என் மேல ஆணை."

படுத்திருந்தவர் உடனே தட்டவில்லை. அவர் பார்வை மேலே போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தொட்டியில் அடங்கிய தண்ணீரில் கடைசி வெயில் பட்டு, கூரையில் ஒரு வெளிச்சத் துண்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

டங்.

"பார்த்தியா!" தையல்காரம்மா எழுந்தே விட்டாள். இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. "பார்த்தியாடி? ஒரு பதில் கேட்டே. எத்தனை பதில் வேணும் உனக்கு? அனிச்சையாமே! உங்க டாக்டரை வந்து குளம் வேணுமா வேண்டாமான்னு கேக்கச் சொல்லு!"

"ஒத்துக்கறேன்மா. சொன்ன வாக்குத் தவற மாட்டேன். அந்த இடம் வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிடறேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜெயித்த சந்தோஷம் தையல்காரம்மாவைச் சும்மா இருக்க விடவில்லை.

"எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். நாளைக்கு, அம்மா பிடிவாதம் பிடிச்சான்னு சொல்லுவே. அவரையே கேளு. அவரே சொல்லட்டும்!"

"வேண்டாம்மா, விடு."

"கேளுடி!"

மகள் தயங்கினாள். தந்தையின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அப்பா, என் ஊர்ல ஒரு இல்லம் இருக்கு. உங்களை நல்லாப் பார்த்துப்பாங்க. ஆனா அம்மா கூட வர முடியாது. உங்களை அங்கே கூட்டிட்டுப் போகட்டுமா?"

டங்.

தையல்காரம்மா காத்திருந்தாள். சற்று முன்புகூட இப்படித்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கை அசந்திருக்கும். பாவம், ஓயாமல் தட்டிய கை.

"தட்டுங்க" என்றாள் மெதுவாக. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. தட்டுங்க."

விரல் சட்டத்தின் மேல் அப்படியே கிடந்தது.

"அவருக்குக் கேள்வி சரியாக் காதுல விழலை. மறுபடி கேளு."

"அம்மா..."

"மறுபடி கேளுடி!"

மகள் மறுபடி கேட்டாள். குரல் எழும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

டங்.

பிறகு அந்தக் கை சட்டத்தை விட்டு எழுந்தது. காற்றில் தடுமாறி, கட்டிலோரம் நின்ற மனைவியின் இடுப்பைத் தேடி, அங்கே இறுக்கிக் கட்டியிருந்த துணியின் மேல் போய் நின்றது.

அப்படியானால் பார்த்திருக்கிறார். காலையில் அவள் தரையில் கிடந்ததையெல்லாம் மேலேயிருந்து பார்த்திருக்கிறார்.

"இது ஒண்ணுமில்லைங்க!" அவள் துணியைப் பரபரவென்று அவிழ்த்தாள். "பாருங்க, ஒண்ணுமே இல்லை! சுளுக்கு! எண்ணெய் தேய்ச்சா போயிடும்! ஓட்டையை அடைக்கற ஜாதிங்க நாம, இதுக்கா என்னை விட்டுட்டுப் போறீங்க? நான் பார்த்துப்பேன், விழ மாட்டேன், இனிமே விழவே மாட்டேங்க!"

துணி தரையில் விழுந்தது. அவர் கை அவள் இடுப்பிலேயே இருந்தது. கண்ணில் நீர் நிரம்பி நின்றதே தவிர, விரல் எதையும் தட்டவில்லை.

மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நாளைக் காலையில வண்டிக்குச் சொல்றேன்மா" என்றாள். "அங்கே பேச்சுப் பயிற்சி தர்றவங்க இருக்காங்க. ஒரு ரெண்டு வார்த்தை வந்துடுச்சுன்னா..."

குளக்காரர் சத்தம் போடாமல் மோட்டாரை எடுத்து ஒயரைச் சுருட்டினார். தொட்டியைக் கவிழ்க்கக் குனிந்தவர், கூரையில் ஆடிய வெளிச்சத்தைப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டார். முன்வாசல் வழியாக வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குற்றவாளியைப் போல நின்றார்.

"அக்கா, தொட்டி இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள்.

"குளத்தை... என்ன செய்யட்டும்? அவரே இல்லாத வீட்டுல..."

"தோண்டுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. இப்போ ஒண்ணும் அவசரமில்லை."

"அவர் கேட்ட குளம் அது. ஜன்னலுக்கு நேர் கீழே, நீங்க அளந்த அதே இடத்துல. அவர் திரும்பி வந்து படுக்கறப்போ கூரையில வெளிச்சம் ஆடணும். மோட்டார் வேண்டாம் தம்பி."

"வைக்க மாட்டேன்க்கா."

"ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சுடும்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவள் காது மட்டும் அந்த அறையின் பக்கமே இருந்தது.

இரண்டாவது தட்டு வரவில்லை.

அவள் கதவைச் சாத்தினாள்.